லில்லிக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை?

நல்ல அழகி. வயது 29. நாலு பேர் கூடிய இடத்தில் எப்படி உடுத்த வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நியூயார்க் சீமான் வீட்டு விருந்துகளுக்கெல்லாம் அவளுக்கு அழைப்பு உண்டு. ஆனால் தாய் தகப்பன் இல்லை, கையில் காசு இல்லை, கல்யாணமும் ஆகவில்லை!

இவள்தான் லில்லி பார்ட். அமெரிக்க எழுத்தாளர் எடித் வார்ட்டன் 1905-ல் எழுதிய 'தி ஹவுஸ் ஆஃப் மிர்த்' நாவலின் கதாநாயகி. முதலில் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. புத்தகமானதும் சில மாதங்களிலேயே லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பெரிய இடத்துக் கதைதான். ஆனால் படித்து முடித்த பிறகு நம் மனதில் நிற்பது பட்டும் வைரமும் அல்ல. பணம் யார் கையில், அதிகாரம் யார் கையில், பழி யார் தலையில் என்ற கணக்குத்தான் நிற்கிறது.

பார்சல் காகிதத்தில் எழுதிய பெண்

எடித் 1862-ல் நியூயார்க்கின் பழைய பணக்காரக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். வீட்டில் எதற்கும் குறைவில்லை. ஆனால் பெண் குழந்தை கதை எழுதுவதை யாரும் பெருமையாக நினைக்கவில்லை. கடையிலிருந்து வரும் பார்சல்களைச் சுற்றியிருக்கும் பழுப்புக் காகிதத்தைக் கேட்டு வாங்கித்தான் எழுதினாராம். கல்யாணம் ஆகும் வரை நாவலைத் தொடக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

சிறுமியாக இருந்தபோது ஒரு கதையை ஆரம்பித்தார். விருந்தாளியைக் கண்டதும், 'வருவது முன்பே தெரிந்திருந்தால் கூடத்தைச் சுத்தம் செய்து வைத்திருப்பேனே' என்று ஒரு பெண் அங்கலாய்ப்பதுதான் அதன் தொடக்கம். அம்மா வாங்கிப் பார்த்தார். நம்மைப் போன்றவர்கள் வீட்டுக் கூடம் எப்போதுமே சுத்தமாகத்தான் இருக்கும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்தக் குழந்தையின் முகம் எப்படி வாடியிருக்கும், பாருங்கள்!

1897-ல் ஒரு கட்டடக் கலைஞருடன் சேர்ந்து எடித் வெளியிட்ட புத்தகம், வீட்டு அலங்காரத்தைப் பற்றியது. எந்த ஜன்னலுக்கு எந்தத் திரை என்று அறிந்தவருக்குத் திரைக்குப் பின்னால் நடப்பதும் தெரிந்திருந்தது.

லில்லியின் வரவு செலவு

லில்லி தன் அத்தை வீட்டில் இருக்கிறாள். அத்தை சாப்பாடு போடுவாள், அவ்வப்போது துணிக்குப் பணம் தருவாள். ஆனால் விருந்து வீட்டில் ஒரு வாரம் தங்குவதென்றால் சும்மாவா? வேளைக்கு ஓர் உடுப்பு வேண்டும். வேலைக்காரர்களுக்கு இனாம் தர வேண்டும். இரவில் 'பிரிட்ஜ்' சீட்டாட்டத்தில் பணம் வைத்து ஆட வேண்டும். மாட்டேன் என்றால் அடுத்த முறை அழைப்பு வராது. அழைத்த அம்மாளுக்குக் கடிதங்களும் எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பளமில்லாத குமாஸ்தா உத்தியோகம்தான்!

செல்டன் என்ற வக்கீலை அவளுக்குப் பிடிக்கும். அவனுக்கும் பெரிய வசதி இல்லை. ஆனால் அவன் தனி வீட்டில் இருக்கலாம், பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போகலாம், கல்யாணம் வேண்டாம் என்றும் இருக்கலாம். லில்லியோ ஒரு நாள் பகலில் அவன் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு வெளியே வந்ததை ஒருவர் பார்த்ததற்கே பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்படியானால் சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். மணமான பெண்ணும் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம் என்று நியூயார்க்கில் 1848-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சொத்து இருந்தால்தானே வைத்துக்கொள்வதற்கு? அந்த வட்டாரத்துப் பெண்களுக்குச் சம்பாதிக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நல்ல இடத்தில் வாழ்க்கைப்படுவதுதான் அவர்களுடைய தொழில்.

பழி யார் தலையில்?

சிநேகிதியின் கணவர் ட்ரெனர், லில்லியின் சிறு பணத்தைப் பங்குச் சந்தையில் பெருக்கித் தருவதாகச் சொல்கிறார். 9,000 டாலருக்கு மேல் கைக்கு வருகிறது. அது லாபமே அல்ல, அவருடைய சொந்தப் பணம் என்றும், அவர் எதிர்பார்க்கும் வட்டி வேறு என்றும் பிறகுதான் தெரிகிறது. அவரிடமிருந்து தப்பி வருகிறாள். ஆனால் ஊர் வாய் அவரை விட்டுவிட்டு அவளைத்தான் பிடிக்கிறது.

அடுத்த அடி ஒரு பெண்ணிடமிருந்தே வருகிறது. பெர்த்தா டார்செட் தன் கள்ளத்தனத்தை மறைக்க, தன் கணவனையும் லில்லியையும் சேர்த்து ஊர் பேசும்படி செய்கிறாள். நாலு பேர் முன்னிலையில், இனி எங்கள் கப்பலில் உனக்கு இடமில்லை என்கிறாள். உண்மை என்ன என்று எல்லாருக்கும் ஓரளவு தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பெர்த்தாவுக்குப் பின்னால் கணவனின் பணம் இருக்கிறதே! எந்தப் பெண்ணுக்கு யார் அரணோ, அவள் சொன்னதுதான் சத்தியம்.

அத்தை இறந்தபோது லில்லிக்குக் கிடைத்தது 10,000 டாலர்தான். அதுவும் உடனே கைக்கு வரவில்லை. தொப்பி தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்கிறாள். ஒரு ஜமிக்கியைக்கூட நேராகத் தைக்க அவளுக்கு வரவில்லை. அதே தொப்பிகளை வாங்கி அணிந்தவள்தான், தைப்பவளின் விரல்களை அன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

ஓர் ஏழை வீட்டுச் சமையலறை

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். லில்லி நல்ல நிலையில் இருந்தபோது கொடுத்த நன்கொடையால் நோயிலிருந்து பிழைத்த நெட்டி என்ற தொழிலாளிப் பெண், பூங்காவில் அவளைக் கண்டு தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். சின்னச் சமையலறை, எரியும் அடுப்பு, கைக்குழந்தை. அந்தக் குழந்தையை மடியில் வைத்திருக்கும்போதுதான் லில்லிக்கு ஒன்று புரிகிறது. தன்னை இப்படித் தாங்கிக்கொள்ள ஓர் இடம் என்றுமே இருந்ததில்லை!

பெர்த்தாவை மிரட்டிப் பழி வாங்கக்கூடிய கடிதங்கள் லில்லியின் கையில் இருந்தன. அவற்றை அன்றைக்கே நெருப்பில் போட்டிருந்தாள். அத்தை விட்டுச்சென்ற பணம் வந்ததும் ட்ரெனரின் கடனை அடைக்க முழுத் தொகைக்கும் காசோலை எழுதி வைக்கிறாள். அன்றிரவு தூக்க மருந்து அளவு மீறுகிறது. மறுநாள் அவள் எழுந்திருக்கவில்லை. ஊரே பழித்த பெண்ணின் கணக்கில் கடைசியில் ஒரு காசு பாக்கி இல்லை.

எடித் என்ன ஆனார்?

எடித்தின் சொந்த வாழ்க்கையிலும் சோதனை இருந்தது. 1885-ல் மணந்த கணவர், மனநோய் முற்றிய காலத்தில் எடித்துக்குத் தெரியாமல் அவர் பணத்தையே எடுத்துச் செலவழித்தார். 1913-ல் விவாகரத்து. ஆனால் எடித்துக்குச் சொந்தச் சொத்து இருந்தது, எழுதிச் சம்பாதித்த பணமும் இருந்தது. அதனால் தலை நிமிர்ந்து நிற்க முடிந்தது. முதல் உலகப் போரில் பாரிஸ் நகரில் வேலையிழந்த பெண்களுக்குத் தையல் கூடம் நடத்தினார். 'தி ஏஜ் ஆஃப் இன்னொசன்ஸ்' நாவலுக்காக 1921-ல் புலிட்ஸர் பரிசு பெற்றார். நாவலுக்காக அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். 1937-ல் பிரான்ஸில் காலமானார்.

லில்லிக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை? விலை படிந்து வரும்போதெல்லாம் கடைசி நிமிஷத்தில் அவள் மனம் பின்வாங்கியது. அது அவளுடைய குறை அல்ல, பெருமை. மாட்டேன் என்று சொன்ன பிறகு காலூன்றி நிற்க ஒரு கைத்தொழிலோ ஒரு சேமிப்போ இல்லாமல் போனதுதான் அவளுடைய துயரம். பெண் குழந்தைக்கு நகை சேர்க்கும் தாய்மார்கள் இந்தக் கதையை ஒரு முறை படித்துப் பார்க்கட்டும். நகையோடு இன்னும் என்னென்ன சேர்க்க வேண்டும் என்று அவர்களுக்கே தோன்றும்.