ஓராண்டுச் சேவையும் அதற்குரிய படியும்

அமெரிக்க நாட்டின் பெருநகரங்களில், வறியவர் மிகுதியாக வாழும் பேட்டைகளிலுள்ள அரசுப் பள்ளிகள் சிலவற்றின் வாயிலில், காலை மணி அடிப்பதற்கு வெகு நேரம் முன்பே வந்து நின்று, உள்ளே நுழையும் பிள்ளைகளைக் கைதட்டி ஆரவாரத்துடன் வரவேற்கும் சிவப்பு மேலங்கி அணிந்த வாலிபர்களைக் காணலாம். அவர்கள் ஆசிரியர்கள் அல்லர். பள்ளியின் சிப்பந்திகளும் அல்லர். பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட 'சிட்டி இயர்' என்னும் லாப நோக்கமற்ற ஸ்தாபனத்தில், தம் வாழ்வின் ஓராண்டைச் சமூக சேவைக்கென ஒப்புக்கொடுத்துச் சேர்ந்தவர்கள் அவர்கள்.

இளமையில் சில காலத்தைத் தேசத்துக்கென ஒதுக்கவேண்டும் என்ற எண்ணம் அந்நாட்டுக்குப் புதிதன்று. யுத்தம் மனிதரிடத்தில் எழுப்புகின்ற தைரியம், ஒழுங்கு, தியாகம் முதலிய குணங்களை யுத்தமின்றியே வளர்க்கும் பொருட்டு, வாலிபர்களைச் சுரங்கத்துக்கும் சாலை வேலைக்கும் மீன்பிடி கப்பல்களுக்கும் அனுப்பலாமே என்று தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் 1906-ல் பிரசங்கம் செய்து, அதை 1910-ல் கட்டுரையாகவும் வெளியிட்டார். பொருளாதார மந்தம் குடும்பங்களை வாட்டிய 1933-ல், ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், வேலையற்றுத் திரிந்த வாலிபர்களைத் திரட்டி, மரம் நடவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் பூங்காக்கள் அமைக்கவும் அனுப்பினார். 1942 வரை நீடித்த அந்தப் படையில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் வேலை செய்தார்கள். அவர்களுக்கு மாதம் 30 டாலர் கூலி. அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். இந்த 30 டாலரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னால் எழும் விவாதத்துக்கு அது உதவும்.

ஹார்வர்டில் ஒன்றாகப் படித்த மைக்கேல் பிரவுன், ஆலன் காஸி என்ற இரு நண்பர்கள், அரசாங்கத்தின் உதவியை நாடாமல் தனியார் கம்பெனிகளின் நன்கொடையை மட்டும் கொண்டு, 1988-ஆம் ஆண்டுக் கோடையில் 50 வாலிபர்களுடன் 'சிட்டி இயர்' என்னும் சோதனை முயற்சியைத் தொடங்கினார்கள். அவர்கள் தேர்ந்த நகரமும் சாமானியமானதன்று. கறுப்பின மாணவரையும் வெள்ளையின மாணவரையும் பேருந்துகளில் ஏற்றி ஒருவர் பேட்டைப் பள்ளிக்கு மற்றவரை அனுப்பவேண்டும் என்று நீதிமன்றம் 1974-ல் இட்ட உத்தரவைத் தொடர்ந்து, கல்லெறியும் கலகமும் கண்டு, இன வேற்றுமையின் வடு ஆறாதிருந்த நகரம் அது. அங்கே செல்வந்தர் வீட்டுப் பிள்ளையும், பள்ளிப்படிப்பையே பாதியில் விட்ட ஏழை வாலிபனும் ஒரே குழுவில் சேர்ந்து, ஒரே சீருடை அணிந்து, ஒரே சுவருக்கு வர்ணம் பூச வேண்டும் என்பதே ஸ்தாபகர்களின் நோக்கமாயிருந்தது. 1989-ல் காலணிகள் வேண்டும் என்று கேட்டபோது 50 ஜோடி பூட்ஸ் அனுப்பிய 'டிம்பர்லேண்ட்' கம்பெனி, பிற்பாடு அவர்களுடைய சீருடைக்கே பொறுப்பேற்கும் பெரும் புரவலனாயிற்று.

தேர்தல் பிரசாரக் காலமான 1991-ல் பாஸ்டனுக்கு வந்து இவ்வாலிபர்களைக் கண்டு பேசிய பில் கிளிண்டன், ஜனாதிபதியானபின் 1993 செப்டம்பரில் தேசிய சேவைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு 'அமெரிகார்ப்ஸ்' பிறந்தது. நாடெங்கும் உள்ள எத்தனையோ சேவை ஸ்தாபனங்களுக்கு ஆட்களையும் மானியத்தையும் அளிக்கும் மத்திய அரசுத் திட்டம் அது. 'சிட்டி இயர்' அதன் முன்மாதிரிகளில் ஒன்றாகவும், பயனடைவோரில் ஒன்றாகவும் ஆயிற்று.

இனி, அங்கு வேலை செய்பவர் யார் என்பதைப் பார்ப்போம். அடித்தளத்தில் இருப்பவர்கள் 17, 18 வயது முதல் 25 வயது வரையுள்ள சேவகர்கள். பள்ளிக்கு ஒரு குழுவாகச் சென்று, வகுப்பில் பின்தங்கிய பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கும் வாசிப்பும் சொல்லித் தருவதும், வராத பிள்ளையின் வீட்டுக்குத் தொலைபேசியில் விசாரிப்பதும், மாலையில் வீட்டுப்பாடம் முடியும்வரை உடனிருப்பதும் அவர்கள் கடமை. வருகை, நடத்தை, மொழிப்பாடம் அல்லது கணிதம் ஆகியவற்றில் ஆறாம் வகுப்பிலேயே சறுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் உயர்நிலைப் பள்ளியைக் காலத்தில் முடிப்பதில்லை என்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பால்ஃபான்ஸும் அவர் சகாக்களும் பிலடெல்பியா நகர மாணவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்து சொன்ன முடிவே இப்பணிக்கு ஆதாரம். ஆரம்ப நாளில் சுவருக்கு வர்ணம் பூசுவதும் காலிமனையைத் துப்புரவு செய்வதுமாகப் பலதிசையில் சிதறியிருந்த ஸ்தாபனம், பள்ளி ஒன்றிலேயே முழுக் கவனத்தையும் குவித்தது இதன் பின்னர்தான். அது புத்திசாலித்தனமான முடிவு என்பது என் அபிப்பிராயம்.

குழுவுக்கு ஒரு தலைவர் உண்டு. அவரும் பெரும்பாலும் முந்தைய ஆண்டில் சேவகராயிருந்து இரண்டாம் ஆண்டுக்கும் தங்கியவர். அவருக்கு மேலே, சம்பளம் வாங்கும் மேலாளர் ஒருவர் தலைமையாசிரியருக்கும் வாலிபர்களுக்கும் நடுவே நின்று, இருதரப்புக் கோபத்தையும் தாங்கிக்கொண்டு காரியத்தை நடத்துவார். கல்லூரி கல்லூரியாகச் சென்று ஆள் சேர்ப்பவர்களும், கம்பெனிகளின் வாசற்படி ஏறி நிதி திரட்டுபவர்களும் வேறு. பணம் மத்திய அரசு, பள்ளி நிர்வாகம், தனியார் நன்கொடை என்னும் மூன்று பைகளிலிருந்து வருவதால், அவற்றில் எதுவும் சுருங்காமல் பார்ப்பதே இவர்களில் பலருக்கு ஆண்டு முழுவதும் வேலை. காலைக் கோஷம், பொதுச் சதுக்கத்தில் கூட்டாக உடற்பயிற்சி, கூட்டம் தொடங்குமுன் யாரேனும் ஒரு நற்செய்தி சொல்லும் வழக்கம் என்று ஸ்தாபனத்துக்கெனச் சடங்குகள் பல உண்டு. உற்சாகத்தைச் சட்டதிட்டமாக்கினால் அது சிலருக்குச் சலிப்பூட்டும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வளவு உழைப்பும் பலிக்கிறதா என்று கேட்பது நியாயமே. பால்ஃபான்ஸின் குழுவும் 'சிட்டி இயர்' ஸ்தாபனமும் மற்றொரு அமைப்பும் கூடி நடத்திய 'டிப்ளமாஸ் நவ்' திட்டத்தைப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தபோது, சில அளவுகோல்களில் நற்பலனும், வேறு சிலவற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசமின்மையும் தென்பட்டன. அற்புதம் நிகழவில்லை, ஆனால் வீண் என்றும் தள்ளிவிட முடியாது.

பெரிய ஆட்சேபம் வேறு இடத்திலிருந்து வருகிறது. காசு வாங்கிக்கொண்டு செய்வது எப்படிச் சேவையாகும் என்று, அமெரிகார்ப்ஸ் பிறந்த நாள் முதலாக அதன் எதிர்ப்பாளர்கள் கேட்டு வருகிறார்கள். வாங்கும் காசு எவ்வளவு என்று பார்த்தால் கேள்வியின் கூர் மழுங்கிவிடும். முழுநேரச் சேவகர் ஓராண்டில் 1,700 மணி நேரம் பணி செய்கிறார். சட்டம் அவரை ஊழியர் என்றே கருதாததால் குறைந்தபட்சக் கூலி விதி அவருக்கு இல்லை. கிடைப்பது ஜீவனப் படி மட்டுமே. வாடகை ஏறிக்கிடக்கும் பாஸ்டன் போன்ற நகரத்தில் அது போதாமல், ஏழைகளுக்கான உணவு உதவியை அரசிடம் கேட்டுப் பெறுபவர்களும் அவர்களிடையே உண்டு. பணி முடிந்தபின் கிடைக்கும் கல்வி உதவித்தொகைக்கும் வருமானவரி விதிக்கப்படுகிறது. இப்படியும் கொடுக்காமல் நிறுத்திவிட்டால், ஓராண்டு வருமானமின்றி மகனையோ மகளையோ அனுப்ப வசதியுள்ள குடும்பத்தார் மட்டுமே அங்கே எஞ்சுவார்கள். இரு வர்க்கத்துப் பிள்ளைகளும் ஒரே குழுவில் நிற்கவேண்டும் என்று தொடங்கிய ஸ்தாபனம், தன் நோக்கத்தைத் தானே கைவிட்டதாகும். 1933-ல் மாதம் 30 டாலர் வாங்கி, 25 டாலரை வீட்டுக்கு அனுப்பிய வாலிபன் நட்ட மரத்தை யாரும் கூலி மரம் என்று இகழவில்லை.

சர்க்கார் பணத்தை நம்பி நிற்பதன் கஷ்டமும் கொஞ்சமல்ல. 2003-ல், உறுதியளித்த உதவித்தொகைகளுக்கு நிதி போதாமல் அமெரிகார்ப்ஸ் இடங்கள் வெட்டப்பட்டபோது, ஆலன் காஸி முதலானோர் வாஷிங்டனில் இரவுபகலாக 100 மணி நேரம் பிரஜைகளின் சாட்சியங்களைத் தொடர்ந்து கேட்கச் செய்தார்கள். அடுத்த ஆண்டு நிதி உயர்ந்தது. 2025 ஏப்ரலில் சுமார் 40 கோடி டாலர் மானியங்கள் திடீரென ரத்து செய்யப்பட்டு, பல மாநிலங்கள் வழக்குத் தொடுத்து, அவற்றில் மானியத்தை மீட்டுத் தரும்படி நீதிமன்றம் ஜூன் மாதம் உத்தரவிட நேர்ந்தது. அவ்வப்போது ஆள்வோரின் மனப்போக்குக்கேற்ப ஏறி இறங்கும் இந்த ஏற்பாட்டில், செனட்டர் எட்வர்டு கென்னடியின் பெயரால் 2009-ல் இயற்றிய சட்டம், ஆண்டுதோறும் 75,000 பேராயிருந்த சேவகர் தொகையை 2017-க்குள் 2,50,000 ஆக உயர்த்தவேண்டும் என்று விதித்தது. அதற்குரிய நிதியை அந்நாட்டுச் சட்டமன்றமாகிய காங்கிரஸ் ஒருபோதும் ஒதுக்கவில்லை.