குழாய் சுத்தம் என்றார்கள், வலி ஏன் போகவில்லை?



குளுவாங், சிகாமட், லாபிஸ் என்று எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும் இந்தக் கதை உண்டு. நெஞ்சு இறுக்குகிறது என்று பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம். ஆஞ்ஜியோகிராம் எடுக்கிறார்கள். "குழாய் சுத்தமாக இருக்கிறது, அடைப்பு இல்லை" என்கிறார்கள். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் செம்பனைக் குலையைத் தூக்கும்போதும் மேடு ஏறும்போதும் மறுபடி அதே வலி! "டாக்டரே ஒன்றுமில்லை என்றுவிட்டார், இது வெறும் வாய்வு" என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். பெண்கள்தாம் இப்படி அதிகம் அவதிப்படுகிறார்கள்.

அந்த வலி பொய்யல்ல. தோட்டத்துத் தண்ணீர்ப் பைப்பை நினைத்துப் பாருங்கள். பெரிய பைப்பில் தண்ணீர் ஓடும். ஆனால் லயத்து வீட்டுக்கு வரும் சின்னக் குழாய் சரியாகத் திறக்காவிட்டால் குடத்தில் சொட்டுத்தான் விழும். இதயமும் அப்படியே. ஆஞ்ஜியோகிராமில் தெரிவது பெரிய குழாய்கள்தாம். தசைக்குள் ஓடும் நுண்ணிய குழாய்கள் அதில் தெரிவதில்லை. வேலை செய்யும்போது அவை விரியாவிட்டால் தசைக்குப் பிராணவாயு பற்றாது; வலிக்கும். 1973-லேயே அமெரிக்க மருத்துவர் ஹார்வி கெம்ப் இந்த நோயைப் பற்றி எழுதி, 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயரிட்டார்.

இதைக் கண்டுபிடிக்க மூச்சையே மருந்தாக்கும் ஒரு சோதனையை, கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்து மருத்துவர் மத்தியாஸ் பிரீட்ரிக்கும் அவருடன் உழைத்தவர்களும் வளர்த்து வருகிறார்கள். நோயாளி எம்.ஆர்.ஐ. எந்திரத்தில் படுத்து ஒரு நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சு விடுகிறார். உடம்பிலுள்ள கரியமில வாயு குறைகிறது, நுண்குழாய்கள் சுருங்குகின்றன. பிறகு முடிந்தமட்டும் மூச்சை அடக்குகிறார். கரியமில வாயு ஏறுகிறது, குழாய்கள் விரிகின்றன, இரத்தம் பாய்கிறது. பிராணவாயு நிறைந்த இரத்தமும் அது குறைந்த இரத்தமும் காந்தப் படத்தில் வேறு வேறாகத் தெரியும். நல்ல இதயத்தில் பிராணவாயு கூடும். நுண்குழாய் கெட்ட இதயத்தில் அவ்வளவாகக் கூடாது. அடைப்பில்லாத நெஞ்சுவலியுள்ள பெண்களைச் சோதித்தபோது இந்த வேறுபாடு தெரிந்தது.

இதற்கு ஊசி மருந்தும் வேண்டாம், எக்ஸ்ரே கதிரும் இல்லை. ஆனால் இது இன்னும் ஆராய்ச்சிச் சோதனைதான். எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்வதில்லை. வீட்டில் யாரும் செய்து பார்க்காதீர்கள்! வேகமாக மூச்சு விட்டால் சிலருக்கு இதயக் குழாய் இழுத்துக்கொள்ளும்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன?

வலி திரும்பினால் மறுபடி போங்கள். எந்த வேலையில் வருகிறது, எத்தனை நிமிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். "சின்னக் குழாயில் கோளாறு இருக்குமா டாக்டர்?" என்று கூசாமல் கேளுங்கள். அதற்கும் மருந்து உண்டு. இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர் மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். சிகரெட்டை விடுங்கள்.

வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வேர்த்துக் கொட்டினால் பெரட்டு முடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள்.

சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தந்த உரிமை. ஒருநாள் கூலி போய்விடுமே என்று உயிரைப் பணயம் வைக்காதீர்கள்!