வீட்டுக்குள் வன்முறை: செய்தி சொல்வதும் மறைப்பதும்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு இறங்கும் மலைப்பாதையில் அரவேணு என்னும் சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். காலைப் பனி விலகுமுன்பே பேருந்துக்குக் காத்திருப்போர் தேநீர்க் கடையில் கூடிவிடுவர். ஒருவர் நாளேட்டை விரித்து உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். பசுந்தேயிலை விலையைப் பற்றிய செய்தி என்றால் ஆளுக்கொரு கருத்துச் சொல்வார்கள். ஆனால், "குடும்பத் தகராறில் மனைவி வெட்டிக் கொலை" என்று ஒரு தலைப்பு வந்துவிட்டால் கடையே ஒரு கணம் அமைதியாகிவிடும். பிறகு யாராவது ஒருவர், "காலம் கெட்டுப் போச்சுங்க. எல்லாருக்கும் டென்ஷன்!" என்பார். மற்றவர்கள் தலையசைப்பார்கள். பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

இப்போது நாளேடு வருமுன்பே இத்தகைய செய்தி கைப்பேசியில், படத்துடனும் பின்னணி இசையுடனும் வந்துவிடுகிறது. ஆனால் சொல்லப்படும் காரணம் மட்டும் மாறவில்லை. அந்தக் காரணம் சரிதானா? மன இறுக்கம்தான் கையை ஓங்க வைக்கிறதா? இத்தகைய செய்திகளைப் படிப்பதால் நமக்கு என்ன நேர்கிறது? இவற்றை அறிவியல் நோக்கில் ஆராய்ந்து பார்ப்போம்.

சினம் வரும்போது உடலில் நடப்பது

நாம் அச்சமோ சினமோ கொள்ளும்போது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி விழித்துக்கொள்கிறது. அங்கிருந்து நரம்புகள் வழியாகச் செல்லும் ஆணை, சிறுநீரகங்களின் மேல் குல்லாய் போல அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளை எட்டுகிறது. அட்ரீனலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. ஆபத்தைக் கண்டால் போராடு அல்லது ஓடு என்று உடல் தன்னைத் தயார் செய்துகொள்வதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். ஹான்ஸ் செல்யே என்னும் மற்றோர் அறிஞர், பலவகைத் தொல்லைகளுக்கும் உடல் ஒரே விதமாக எதிர்வினை காட்டுவதை 1936-இல் எடுத்துரைத்தார். 'ஸ்ட்ரெஸ்' என்னும் சொல் இன்று எல்லாருடைய வாயிலும் புழங்குவதற்கு அவரே காரணம்.

இங்கே கவனிக்க வேண்டியது கால அளவு. அட்ரீனலின் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். சற்று மெதுவாக ஏறும் கார்ட்டிசால் என்னும் மற்றொரு சுரப்பு நீர், தொல்லை நீங்கினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தணியத் தொடங்குகிறது. அதாவது சினத்தின் உடல் வேகம் அடங்கக்கூடியது. அடங்கிய பிறகும் ஒருவர் அடிக்கிறார் என்றால், அதற்குச் சுரப்பிகள் பொறுப்பல்ல.

மூன்று மணி நேரம்

இந்தக் கால அளவு ஒரு முறை நம் நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் முன்பும் வந்தது. 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் கடற்படை அதிகாரி கே. எம். நானாவதி, தம் மனைவியுடன் தொடர்பு கொண்டிருந்த பிரேம் அகுஜா என்பவரைச் சுட்டுக் கொன்றார். 'பிளிட்ஸ்' என்னும் வார இதழ் நானாவதியைக் காவிய நாயகனாகவே ஆக்கியது. 25 காசு விலையுள்ள அந்த இதழ் 2 ரூபாய் வரை விற்றதாகச் சொல்வார்கள். தெருக்களில் நானாவதியின் பெயரால் பொம்மைத் துப்பாக்கிகள்கூட விற்பனையாயின! கொலையுண்டவரைப் பற்றி இரக்கமாகப் பேசியவர்கள் குறைவு. நடுவர் குழுவில் எட்டுப் பேர் குற்றவாளி அல்லர் என்றனர். ஒருவர் மட்டுமே மாறுபட்டார்.

அமர்வு நீதிபதி அதை ஏற்காமல் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1960-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1961-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. திடீர்ச் சினத்தால் நடந்தது என்ற வாதம் ஏன் நிற்கவில்லை? நானாவதி வீட்டை விட்டுக் கிளம்பியது பிற்பகல் 1.30 மணி. மனைவியையும் குழந்தைகளையும் திரைப்பட அரங்கில் விட்டார். கப்பலுக்குச் சென்று துப்பாக்கி வாங்கினார். அகுஜாவின் அலுவலகத்துக்கும், பின்னர் வீட்டுக்கும் சென்றார். சுட்டபோது மணி 4.20. மனத்தை அடக்கிக்கொள்ள அவ்வளவு நேரம் போதும் என்று நீதிமன்றம் கருதியது. இதழ் சொன்னது உணர்ச்சிக் கதை. நீதிமன்றம் பார்த்தது கடிகாரத்தை. நடுவர் குழு முறையே பின்னர் நம் நாட்டில் கைவிடப்பட்டது.

டென்ஷன் காரணமா?

அரவேணுவுக்கே திரும்பி வருவோம். மலை வாழ்க்கையில் தொல்லைகளுக்குக் குறைவில்லை. 1990-களின் இறுதியில் பசுந்தேயிலை விலை வீழ்ந்தபோது நீலகிரியின் சிறு விவசாயிகள் பட்ட பாடு அங்குள்ளோர் அறிந்ததே. கடன், மழை, குழந்தைகளின் படிப்புச் செலவு, காட்டெருமை நடமாட்டம் என்று கவலைகள் பல. நீண்ட நாள் நீடிக்கும் மன இறுக்கம் தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கூட்டும், பொறுமையைக் குறைக்கும். இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். இலை நிறுக்கும் இடத்தில் மேற்பார்வையாளர் எடையைக் குறைத்துவிட்டார். அத்துடன் நாலு பேர் முன்னால் ஏசியும் விட்டார். அந்த மனிதர் மேற்பார்வையாளரை அடிப்பதில்லை. தலையைக் குனிந்துகொண்டு வீடு திரும்புகிறார். வீட்டில் குழம்பில் உப்புக் குறைந்தால் கை ஓங்குகிறார். காலையில் கட்டுப்பட்ட அதே கைதான் மாலையில் கட்டுப்படவில்லை. காரணம் என்ன? அங்கே அடித்தால் வேலை போகும். இங்கே அடித்தால் ஒன்றும் ஆகாது என்ற துணிவு. அதே விலை வீழ்ச்சியால் மனைவியும்தான் வாடுகிறார். அவர் கணவரை அடிப்பதில்லை. எனவே மன இறுக்கம் தீயை ஊதக்கூடும். தீ மூட்டுவது, 'அடிக்க எனக்கு உரிமை உண்டு' என்ற எண்ணமே.

மதுவும் அப்படித்தான். 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, அடிக்கடி குடித்து வெறிக்கும் கணவர்களின் மனைவியரில் 70 சதவீதத்தினர் வன்முறைக்கு ஆளாகியுள்ளனர். குடிப்பழக்கமே இல்லாத கணவர்களின் மனைவியரிலோ 23 சதவீதத்தினர். குடி அபாயத்தைப் பெருக்குகிறது என்பது தெளிவு. ஆனால் குடிக்காத வீடுகளிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அடிபடுகிறார் என்பதையும் இந்த எண்களே சொல்கின்றன.

தலைப்பு மறைப்பது

அதே கணக்கெடுப்பில், மணமான பெண்களில் கணவரின் வன்முறைக்கு என்றாவது ஆளானோர் இந்தியா முழுவதிலும் 29 சதவீதம்; தமிழ்நாட்டில் 38 சதவீதம். ஆனால் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர்கள் 14 சதவீதத்தினரே. செய்தியாக வருவது கொலை; அதற்கு முன் ஆண்டுக்கணக்காக நடந்த அடி உதை செய்தி ஆவதில்லை. ஆகவே, இது எங்கோ ஒருநாள் திடீரென வெடிக்கும் விபத்து என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

தலைப்புகளின் மொழியையும் பாருங்கள். "குடும்பத் தகராறில் கொலை" என்னும்போது கொன்றது தகராறு என்றாகிறது, கொன்றவர் மறைகிறார். "கள்ளக்காதல்" என்ற சொல்லோ, விசாரணை தொடங்குமுன்பே இறந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. தாயை இழந்து நிற்கும் குழந்தையின் படத்தைப் போடுவோரும் உண்டு. குற்றத்தால் பாதிக்கப்பட்ட அல்லது குற்றத்தை நேரில் கண்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி தண்டனைக்குரிய குற்றம்.

செய்தியால் விளையும் தீங்கும் நன்மையும்

2013-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குண்டு வெடித்தது. அடுத்த வாரம் முழுவதும் நாள்தோறும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அச்செய்தியைப் பார்த்தவர்கள், குண்டு வெடித்த இடத்திலேயே இருந்தவர்களைவிட அதிக மன இறுக்கத்துக்கு ஆளானது ஓர் ஆய்வில் தெரியவந்தது. கொடுமையைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது உடல் அதைத் தன் வீட்டு ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது.

ஸ்பெயின் நாட்டில் 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. கணவரோ காதலரோ பெண்ணைக் கொன்ற செய்தியைத் தொலைக்காட்சி காட்டியதை அடுத்து அத்தகைய கொலைகள் சற்றுக் கூடின. சட்டத்தையும் பாதுகாப்பு வழிகளையும் பற்றிய செய்தி வந்ததை அடுத்துக் குறைந்தன. ஒரே ஓர் ஆய்வை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. எனினும் வியன்னா நகர அனுபவமும் இதே திசையைக் காட்டுகிறது. அங்கே சுரங்க ரயில் நிலையங்களில் நிகழ்ந்த தற்கொலைகளை இதழ்கள் பரபரப்பாக எழுதிவந்தன. 1987-இல் வகுக்கப்பட்ட நெறிமுறைகளை ஏற்று அவை அடக்கமாக எழுதத் தொடங்கியதும் அத்தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன. எழுதும் முறை உயிரைக் காக்கவும் கூடும்!

நாம் செய்யக்கூடியவை

செய்தியை மூடி மறைக்க வேண்டும் என்பதல்ல இதன் பொருள். மறைத்தால் அடிப்பவருக்கே அது வசதி. செய்தியுடன் வழியும் சொல்லப்பட வேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடலாம். அடிக்கக் கூடாது என்று நீதிமன்ற ஆணை பெறலாம். வாழ்ந்த வீட்டிலேயே தொடர்ந்து வாழும் உரிமையும் உண்டு. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்னும் தொலைபேசி எண்கள் கட்டணமின்றி இயங்குகின்றன.

அடுத்த முறை அத்தகைய செய்தி உரக்கப் படிக்கப்படும்போது, "எல்லாருக்கும் டென்ஷன்" என்று சொல்லி முடித்துவிடாமல், "இதற்கு முன் எத்தனை நாள் அந்த வீட்டில் சத்தம் கேட்டிருக்கும்? யாராவது போய்க் கதவைத் தட்டினார்களா?" என்று ஒருவராவது கேட்கட்டும். நம் பக்கத்து வீட்டுச் சத்தம் நாளைக்குத் தலைப்பாகாமல் இருக்க அந்தக் கேள்வி உதவக்கூடும்.