விரிதாளில் நிறமும் அதன் பெயரும்

நிறத்தைப் பெயரால் சுட்டுவது மாந்த இனத்தின் பழைய வழக்கம். பெயருக்கோ எல்லை கூர்மையாக இருப்பதில்லை. தமிழில் பச்சிலையும் பசுமை, பசும்பொன்னும் பசுமையே. கணினியோ இந்நெகிழ்ச்சியை ஏற்காது; அதற்கு எண் வேண்டும். எக்செல் என்னும் விரிதாள் மென்பொருள் மூன்று வழிகளில் நிறத்தைச் சுட்டுகின்றது. அவற்றை மொழியியல் நோக்கில் காண்போம்.

முதலாவது, வரிசை எண். 2003ஆம் ஆண்டுப் பதிப்பு வரை ஒரு பணிப்புத்தகத்திற்கு 56 நிறங்கள் கொண்ட தட்டு ஒன்றே இருந்தது. கலம் நிறத்தை அன்று, தட்டில் அதன் இடத்தையே நினைவில் கொண்டது. அவ்விடத்து நிறத்தை மாற்றினால், அதைச் சுட்டிய கலங்கள் யாவும் மாறிவிடும்.

இரண்டாவது, முழுக் குறியீடு. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் அளவு ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை அமையும். எனவே 16,777,216 நிறங்கள் கிட்டும். இவ்வளவைப் பதினாறடிமான எண்ணில் ஈரிலக்கமாக எழுதுவர். பத்து முதல் பதினைந்து வரை ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகள் நிற்கும். ‘00 பி0 50’ என்பதில் சிவப்பு 0; பி என்பது 11 ஆதலால் பச்சை 11×16=176; நீலம் 5×16=80. இது எங்குச் சென்றாலும் மாறாத இயற்பெயர் போன்றது.

மூன்றாவது, 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த கருப்பொருள் வண்ணம். இது ‘அது’ என்னும் சுட்டுப்பெயர் போன்றது. சூழல் மாறினால் பொருளும் மாறும். அப்பதிப்பின் இயல்பான கருப்பொருளில் மூன்றாம் எடுப்பு வண்ணம் ஒலிவப் பச்சை. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் அதே இடத்தில் இருப்பது சாம்பல்.

இவ்வேறுபாடு நம் வகுப்பறையைத் தொடும். மேருவிலோ கிள்ளானிலோ ஓர் ஆசிரியர் வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை பதிந்து, தேர்ந்த மாணவரைக் கருப்பொருள் பச்சையால் குறிக்கின்றார் எனக் கொள்வோம். பட்டியலை வேறொரு கோப்பில் ஒட்டினால், பச்சை சாம்பலாகலாம். கருப்பு வெள்ளையில் அச்சிட்டால் வேறுபாடே மறையலாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோரும் நம்மிடையே உள்ளனர். மேலும், கலத்தின் நிறத்தை இயல்பான சூத்திரங்கள் எண்ணா. நிறத்தில் மட்டும் பதிந்த குறிப்பு, உதவி வேண்டி நிற்கும் பிள்ளையைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடக்கூடும்.

ஆகவே மூன்று செயல்களைப் பரிந்துரைக்கின்றோம். அடைவுநிலையைத் தனி நெடுவரிசையில் எண்ணாலும் சொல்லாலும் எழுதுக. நிறத்தைக் கையால் பூசாது, அவ்வெண்ணைச் சார்ந்து தானே தோன்றுமாறு நிபந்தனை வடிவமைப்பில் அமைக்க. அந்நிறத்தையும் முழுக் குறியீட்டால் தருக. நிறம் கண்ணுக்குத் துணை. செய்தியைச் சுமக்க வேண்டியது எழுத்தே.