சர்பத்தில் ஒரு பாடம்

நண்பகல் வெயிலில் நாம் பருகும் சர்பத்து, ‘பருகினான்’ எனப் பொருள்படும் ‘ஷரிப’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததே. அம்மொழியிற் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துக்களாலான வேரிலிருந்து கிளைப்பவை. ‘தபக’ என்றால் சமைத்தான், ‘தப்பாக்’ சமையற்காரன், ‘மத்பக்’ அடுக்களை. ‘கதப’ எழுதினான், ‘காதிப்’ எழுதுவோன், ‘மக்தப்’ எழுதுமிடம். ‘ம’ முன்வந்து இடத்தை உணர்த்தும் இலக்கணத்தை மாணவர் அடுக்களையிலேயே கண்டுகொள்ளலாமன்றோ?

இசையும் நல்லாசானே. எகிப்தியப் பாடகி உம்மு குல்தூம் (மறைவு 1975) ஓரடியையே பலவாறு திரும்பத் திரும்பப் பாட, அவையோர் தம்மை மறந்தனர். அந்நிலை ‘தரப்’, அதனை விளைக்கும் பாடகி ‘முத்ரிபா’.

சொற்பட்டியலை மனனஞ்செய்து சலித்து, மொழியையே கைவிடும் இளைஞர் பலர். பட்டியலை மூடிவைத்து, நாளுக்கொரு வேரைப் பற்றுங்கள். ஒரு சொல்லன்று, ஒரு குடும்பமே உங்கள் வீட்டுக்கு வரும்.