ஓங்கில் வைத்திருக்கும் கணக்கு

சேர்வராயன் மலையில், ஏற்காட்டைச் சேர்ந்த செம்மநத்தம் போன்ற கிராமங்களில், கடலைக் கண்ணால் காணாமலே வாழ்நாளைக் கழித்துவிட்ட முதியோர் உண்டு. அவர்களிடம் போய்த் திமிங்கிலத்தைப் பற்றிப் பேசினால், “அதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?” என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. அதற்கு விடை அவர்கள் வாசலண்டை ஓடும் ஓடையில் இருக்கிறது.

இம்மலையின் செல்வம் காப்பி. காப்பிச் செடிக்குப் பெரும் பகை, இலையில் துருப்பிடித்தாற்போல் படரும் பூஞ்சாள நோய். அதைத் தடுக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து இலைமேல் தெளிப்பது தோட்டக்காரரின் நெடுநாளைய வழக்கம். ‘போர்டோ கலவை’ என்று அதற்குப் பெயர். மயில்துத்தம் என்பது செம்பின் உப்பேயன்றி வேறல்ல. தெளித்த செம்பு எங்கே போகிறது? இலையில் சிறிது தங்கும். பெரும் பகுதி மண்ணில் சேரும். மழை கடுமையாகப் பெய்தால் மண்ணோடு கொஞ்சம் கீழே இறங்கும். இம்மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் நடுவே ஓடி, அங்குள்ள சாயப்பட்டறைகளின் கழிவையும், வெள்ளிக் கொலுசுக்கு மெருகேற்றும் பட்டறைகளின் கழிவையும், சாக்கடையையும் ஏற்றுக்கொண்டு, காவேரியோடு கலக்கிறது. காவேரி கடலை அடைகிறது. செம்மநத்தத்துக்கும் வங்காள விரிகுடாவுக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவே; ஆனால் இது போதும்.

சாக்கடை நீர் நாற்றமடித்தாலும் அதற்கு ஒரு முடிவு உண்டு. கிருமிகள் அதைத் தின்று தீர்க்கும். காற்றும் வெயிலும் ஓட்டமும் நாளடைவில் அதைச் சுத்தப்படுத்திவிடும். உலோகத்துக்கு அந்த முடிவு இல்லை. ஈயம் ஈயமாகவே இருக்கும். காட்மியம் காட்மியமாகவே இருக்கும். உருவும் கூட்டும் மாறலாம், பொருள் அழியாது. இந்த வேற்றுமையை நமது சர்க்கார் நன்கு மனத்திற் கொண்டிருக்கிறதா என்பது சந்தேகம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் நாட்டின் கெட்டுப்போன நதிப் பகுதிகளைப் பட்டியலிட்டபோது, மிக மோசமானவை என்ற முதல் வரிசையில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவற்றுள் சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி ஆகிய மூன்றும் அடங்கும். மூன்றும் சேலம் ஜில்லாவில் ஓடுபவை. சேலத்தார் பெருமைப்பட வேண்டிய விஷயமன்று. ஆயினும் அந்த வரிசையை நிர்ணயித்த அளவுகோல், நீரிலுள்ள அழுகும் பொருளைச் சிதைக்க எவ்வளவு பிராணவாயு வேண்டும் என்பதுதான். எந்த உலோகம் எத்தனை கடலுக்குப் போயிற்று என்பதை அந்த அளவுகோல் சொல்லாது.

சொல்லக்கூடிய பிராணி ஒன்று கடலில் இருக்கிறது. அதுவே ஓங்கில். டால்பின் என்று இன்று பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான். ஓங்கிலும் திமிங்கிலமும் மீன்கள் அல்ல. நம்மைப்போல் மூச்சு விட்டு, வெப்ப ரத்தத்தோடு, குட்டி ஈன்று பாலூட்டி வாழ்பவை. ஓங்கில் நாற்பது ஆண்டுக்கு மேலும் வாழும். ஒவ்வொரு நாளும் மீனும் கணவாயும் தின்கிறது. இந்த மூன்று விஷயங்களுமே நமக்கு வேண்டியவை: நம்மை ஒத்த உடல், நீண்ட ஆயுள், கடலின் உணவு வரிசையில் கடைசிப் பந்தி.

பாதரசத்தை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலைக் கழிவிலிருந்தோ, அனல் மின்நிலையத்தில் எரியும் நிலக்கரியின் புகையிலிருந்தோ, தங்கம் பிரிப்பவர்கள் மூட்டும் அடுப்பிலிருந்தோ அது வெளியேறுகிறது. ஆவியாகப் போன பாதரசம் பல மாதங்கள் காற்றில் அலைந்து, எங்கோ ஒரு தேசத்து மழையில் இறங்கும். ஆற்றடிச் சேற்றிலும் கடலடிச் சேற்றிலும், காற்றுப் புகாத இடத்தில் வாழும் கிருமிகள் அதை மெதில் பாதரசம் என்ற வேறொரு கூட்டாக்கி விடுகின்றன. விபரீதம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தக் கூட்டு உடலிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு எளிதில் வெளியேறாது. நுண்ணுயிரைத் தின்ற சிறு மீனில் கொஞ்சம், சிறு மீனைத் தின்ற பெரிய மீனில் அதிகம், பெரிய மீனைத் தின்பவற்றில் அதைவிட அதிகம் என்று ஏறிக்கொண்டே போய், உச்சியில் உள்ள பிராணியில் நீரிலுள்ளதைப்போல் பத்து லட்சம் மடங்குகூட ஆகிவிடும். செம்பு இப்படி மடங்கு மடங்காகப் பெருகுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்; காப்பித் தோட்டக்காரர் மீது வீண் பழி போடுவது நமது நோக்கமன்று.

பாதரசத்தைக் கட்டி மணியாக்கும் வித்தையைப் பற்றி நமது சித்த வைத்தியர்கள் பெருமையோடு பேசுவதுண்டு. அந்த வித்தையை ஓங்கிலின் ஈரல் ஓசைப்படாமல் செய்து வருகிறது. உண்ட மெதில் பாதரசத்தை அது பிரித்து, செலீனியம் என்ற தாதுவோடு சேர்த்து, கரையாத கரிய நுண்மணிகளாக்கி உள்ளே ஒதுக்கி வைக்கிறது. மத்தியதரைக் கடலில் இறந்த ஓங்கில், திமிங்கில ஈரல்களில் இம்மணிகளைக் கண்டதை ஆராய்ச்சியாளர் 1980-ல் வெளியிட்டனர். கட்டிய ரசத்தால் பிராணிக்கு உடனே கேடில்லை. ஆனால் அது உடலை விட்டுப் போவதுமில்லை. ஆகவே வயது ஏற ஏற ஈரலில் பாதரசம் ஏறுகிறது. கணவாயின் மூலம் வரும் காட்மியம் சிறுநீரகத்தில் சேருகிறது. பல்லை அறுத்துப் பார்த்தால் மரத்தின் வளையங்களைப்போல் அடுக்குகள் தெரியும். அவற்றை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம். வயதும் தெரிந்து உலோகத்தின் அளவும் தெரிந்தால், இத்தனை ஆண்டில் இந்தக் கடல் இவ்வளவு ஊட்டியது என்ற வரவுக் கணக்கு கைக்குக் கிடைக்கிறது. எந்தக் கம்பெனிக் குமாஸ்தாவும் திருத்த முடியாத கணக்கு அது.

கணக்கைப் பார்க்காமல் இருந்தால் என்ன நேரும் என்பதை ஜப்பானியர் கண்டனர். மினமாட்டா விரிகுடாவில் சிஸ்ஸோ கம்பெனியின் ரசாயனச் சாலை பாதரசத்தைக் கடலில் விட்டு வந்தது. கரையோரத்துப் பூனைகள் முதலில் பித்துப் பிடித்துத் தள்ளாடி ஆடிச் செத்தன. ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவர்கள் குழந்தைகளே கை கால் விளங்காமல் விழுந்தன. 1956-ல் வியாதி பதிவாகியும், 1968 வரையில் கழிவு நிற்கவில்லை. பன்னிரண்டு வருஷம்! வட அட்லாண்டிக் கடலிலுள்ள பரோ தீவார் வேறு விதமாக நடந்துகொண்டனர். அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பைலட் திமிங்கிலத்தைப் பிடித்துத் தின்பவர்கள். அதன் இறைச்சியில் கிலோவுக்குச் சராசரி சுமார் 2 மில்லிகிராம் பாதரசம் இருப்பதையும், சாதாரண மீனுக்குச் சர்வதேச அளவு அரை மில்லிகிராம்தான் என்பதையும் அவர்களுடைய வைத்தியர்களே எடுத்துக் காட்டினார்கள். 1986-87-ல் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, தாயின் உணவிலிருந்த பாதரசம் குழந்தையின் ஞாபகத்தையும் பேச்சையும் குறைக்கிறது என்று நிரூபித்தார்கள். 2008-ல் அந்த இறைச்சி மனிதர் உண்ணத் தக்கதல்ல என்றே அறிவித்தார்கள். இத்தனைக்கும் பரோ தீவில் பாதரசத் தொழிற்சாலை எதுவும் இல்லை. தின்றவர் ஒருவர், கலந்தவர் வேறொருவர்.

இது அந்நிய தேசத்துக் கதை என்று நேயர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். நமது மலை ஒன்றிலேயே நடந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுனில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1980-களின் ஆரம்பத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டுக் கொடைக்கானலில் நிறுவப்பட்டது. பாண்ட்ஸ் கம்பெனியிடமிருந்து பின்னர் ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. தொழிற்சாலையின் பின்புறம் பாம்பாற்றுச் சோலை. அங்கு இறங்கும் நீர் கும்பக்கரை வழியே கீழ்நாட்டுக்கு வந்து வைகையைச் சேர்வது. 2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி ஏழு டன்னுக்கு மேல் குவிந்து கிடந்ததை உள்ளூர் ஜனங்களும் ஸ்தாபனங்களும் அம்பலப்படுத்தியபின் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. அங்கு வேலை செய்த 591 பேருக்குக் கம்பெனி உடன்படிக்கை செய்துகொண்டது 2016-ல்தான். மண்ணைச் சுத்தப்படுத்துகையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரையில் விட்டுவைக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. அது சோலைக்கும் நீருக்கும் போதாது என்று வழக்காடினார்கள். வெளிநாட்டில் வேண்டாததாகிவிட்ட யந்திரம் நம் மலையுச்சியில் ஏற்றப்பட்டதை அன்று யாரும் தடுக்கவில்லை. பலர் வரவேற்கவும் செய்தார்கள். வேலை வேண்டும் அல்லவா?

நம் கடலில் ஓங்கிலைச் சோதித்தவர்களே இல்லை என்று சொல்ல முடியாது. தென்னிந்தியக் கரையோரத்து ஓங்கில்களில் டி.டி.டி. முதலிய பூச்சி மருந்துகள் சேர்ந்திருப்பதைத் தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஆராய்ந்து 1993-ல் வெளியிட்டனர். அதே ஆண்டில் கங்கை ஓங்கிலின் உடலில் உள்ள உலோகங்களைப் பற்றியும் கட்டுரை வந்தது. அதன் ஆசிரியர்களில் முதல்வர் தமிழரான குருந்தாசலம் கண்ணன். திறமைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. இல்லாதது ஆண்டு தவறாமல், ஊர் தவறாமல் கணக்கெடுக்கும் ஏற்பாடு.

1973 ஜனவரி 14-ல் மணப்பாட்டுக் கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே கரையில் 80-க்கு மேற்பட்டவை ஒதுங்கின. சுமார் 45 மடிந்தன, மற்றவற்றை மீனவர் பாடுபட்டுக் கடலுக்குள் தள்ளினர். உலோகத்தால்தான் அவை ஒதுங்கின என்று நாம் சொல்லவில்லை. கூட்டமாகத் திரியும் இப்பிராணிகள் வழி தவறுவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் செத்துக் கிடந்தது வெறும் மாமிசமன்று. பல ஆண்டுக் கடற்கணக்கு. ஒவ்வொன்றிலும் கையளவு ஈரல், சிறுநீரகம், தோல், ஒரு பல் ஆகியவற்றை எடுத்துப் பனிக்கட்டியில் வைத்துக்கொண்டு மற்றதைப் புதைக்கலாம்.

ஓங்கில் ஊர் சுற்றும் பிராணி, அதன் ஈரலைக் கொண்டு எந்த ஆலை குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று சிலர் கேட்கலாம். கண்டுபிடிக்க முடியாதுதான். அதற்குப் பாறையில் ஒட்டி அசையாதிருக்கும் சிப்பி இருக்கிறது. முகத்துவாரங்களில் சிப்பியையும் சேற்றையும் சோதித்தால் இடம் துலங்கும். ஓங்கில் சொல்வது மொத்தத் தொகை. கரையை விட்டு அகலாத கூன் ஓங்கில் போன்ற இனங்கள் கரையோரத்தின் நிலையையும் ஓரளவு சொல்லும்.

இன்னொரு தடை சட்டத்திலேயே இருக்கிறது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஓங்கிலைப் பிடிப்பது பெருங் குற்றம். சட்டம் நல்லதே. ஆனால் வலையில் தற்செயலாகச் சிக்கிச் செத்த ஓங்கிலைக் கரைக்குக் கொண்டுவந்தால் வழக்கு வருமோ என்று அஞ்சும் மீனவன் அதைக் கடலிலேயே எறிந்துவிட்டு வருவான். நாமும் அவன் நிலையில் இருந்தால் அதைத்தான் செய்வோம். செத்ததைக் கொண்டுவந்து ஒப்படைப்பவன் மீது நடவடிக்கை இல்லை என்று சர்க்கார் வெளிப்படையாக அறிவித்து, அவனுடைய டீசல் செலவையும் கொடுத்தால், நாகப்பட்டினம் முதல் கன்னியாகுமரி வரையில் ஒவ்வொரு துறையிலும் கணக்குப் புத்தகம் திறந்துவிடும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் இருக்கிறது. சோதனைக்குப் புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்று உறுதி செய்திருக்கிறது. ஒப்பமிட்டவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை பாதரசம் இன்னும் கடலுக்கு இறங்குகிறது என்பதை. சோதனையின் தொகைகளை ஆண்டுதோறும் தமிழில் அச்சிட்டு, கரையோரத்துப் பஞ்சாயத்துக்களுக்கும், திருமணிமுத்தாறு இறங்கும் சேலத்து முனிசிபல் அலுவலகத்துக்கும், மலைமேல் செம்மநத்தத்துக்கும் ஒரு பிரதி அனுப்பட்டும்.