பேணப்படுவோரும் பேணுவோரும்: ஜப்பானிய முதியோர் இல்லங்கள் உணர்த்துவன

முதுமை நோயன்று. எனினும் அதன் இறுதிக் கட்டத்தில் உண்ணவும் உடுத்தவும் எழுந்து நடக்கவும் பிறர் துணையை நாடும் நிலை பலருக்கு ஏற்படுகிறது. மருத்துவமனையில் சில நாள் தங்கித் தேறும் நோயாளியின் தேவை வேறு. ஆண்டுக்கணக்கில் பிறர் கையை எதிர்நோக்கி வாழும் முதியவரின் தேவை வேறு. இவ்விரண்டாம் தேவையை நிறைவு செய்வதையே நீண்டகாலப் பராமரிப்பு என்கிறோம். அதனைச் சமுதாயப் பொறுப்பாக ஏற்றுச் சட்டமாக்கிய நாடுகளுள் ஜப்பான் குறிப்பிடத்தக்கது. அங்குப் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் 65 வயதை எட்டியவர்கள்.

நெடுங்காலமாக அந்நாட்டில் மூத்தோரைப் பேணும் சுமை குடும்பத்துப் பெண்கள் மீதே, சிறப்பாக மருமகள் மீதே விழுந்தது. குடும்பங்கள் சிறுத்து ஆயுள் நீண்டபோது அச்சுமை தாங்கவொண்ணாததாயிற்று. மருத்துவத் தேவை இல்லாதபோதும், வீட்டில் கவனிப்பாரின்றி மருத்துவமனைகளிலேயே முதியோர் மாதக்கணக்கில் தங்கினர். இந்நிலையில் 1997-இல் இயற்றப்பட்ட நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டம் 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 40 வயது நிரம்பியோர் இதற்குக் கட்டணம் செலுத்துகின்றனர். ஏறத்தாழப் பாதிச் செலவை அரசின் வரிப்பணம் ஏற்கிறது. பயன்பெறுவோர் சேவைச் செலவில் 10 விழுக்காட்டையும், வருவாய் மிகுந்தோர் 20 அல்லது 30 விழுக்காட்டையும் கொடுக்கின்றனர். இரந்து பெற்ற உதவி இவ்வாறு உரிமையாயிற்று.

உரிமையைத் தொடர்ந்து கண்ணியம் பற்றிய விதிகளும் வந்தன. முதியவரைக் கட்டிலோடு பிணைத்து வைப்பது 2000 முதல் பராமரிப்பு இல்லங்களில் தடை செய்யப்பட்டது; உயிருக்கு ஆபத்து நேரும் வேளையில், வேறு வழியே இல்லையெனில், தற்காலிகமாக மட்டுமே அதற்கு இடமுண்டு. தனியறையும், சுமார் பத்துப் பேர் ஒரு குழுவாய் வாழும் அமைப்பும் அடுத்து வந்தன.

இங்குதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. மறதிநோயுற்ற முதியவர் நள்ளிரவில் எழுந்து நடக்கிறார். அவரைக் கட்டக்கூடாதெனில், அருகில் ஒருவர் இருந்தாக வேண்டும். ஆனால் இரவில் இரண்டு குழுக்களுக்கு ஒரு பணியாளர் என்பதே விதி வகுத்த குறைந்தபட்ச அளவு. அவர் ஒருவரைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும் வேளையில் மற்றொருவர் விழக்கூடும். முதியவரின் கண்ணியம் பணியாளரின் எண்ணிக்கையைச் சார்ந்தே நிற்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பணியாளரின் உடல்நலமும் இதில் அடங்கும். படுத்திருப்பவரைத் தூக்கித் தூக்கி இடுப்புவலியால் வேலையைக் கைவிடுவோர் உண்டு. ஆகவே 2013-இல் திருத்தப்பட்ட அரசு வழிகாட்டுதல், முழுத் துணை தேவைப்படுவோரைக் கையால் தூக்காமல் தூக்குக் கருவியைப் பயன்படுத்துமாறு பணித்தது. ஊதியமோ பிற துறைகளின் சராசரியை விடக் குறைவு. சேவைக் கட்டணத்தை மூன்றாண்டுக்கு ஒருமுறை அரசே நிர்ணயிப்பதால், இல்லங்கள் தாமாக ஊதியத்தை உயர்த்துவது எளிதன்று. அரசு உயர்த்தினால் மக்கள் செலுத்தும் காப்பீட்டுக் கட்டணமும் உயரும்.

இப்பற்றாக்குறை வெளிநாட்டவருக்குக் கதவைத் திறந்தது. பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தின்கீழ் 2008 முதல் இந்தோனேசியாவிலிருந்து பராமரிப்பாளர்கள் வரலாயினர். அவர்களுள் முஸ்லிம் பெண்கள் பலர். மூன்றாண்டு பணிபுரிந்து, ஜப்பானிய மொழியிலேயே தேசியத் தேர்வை எழுத வேண்டும். கடினமான எழுத்துகளுக்கு ஒலிப்புக் குறிப்பும் கூடுதல் நேரமும் பின்னர் வழங்கப்பட்டன. தொழுகைக்கு இடமும், ரமளானில் வேலை நேர மாற்றமும் அளிக்கும் இல்லங்கள் உள்ளன. இத்தகைய சிறு ஏற்பாடுகள் வெறும் சலுகைகள் அல்ல. பழகிய பணியாளர் நிலைத்திருந்தால்தான் முதியவருக்குப் பழகிய முகமும் பழகிய கையும் கிடைக்கும்.

ஆயினும் ஒரு வினாவை நாம் தவிர்த்தல் இயலாது. பெற்றோரைப் பேணுவதை மார்க்கக் கடமையாகக் கருதும் அப்பெண்கள், அந்நிய நாட்டில் பிறர் பெற்றோரைப் பேணுகின்றனர். அவர்தம் பெற்றோர் முதுமையுறும்போது பேணுவோர் யார்? ஒரு நாடு தன் சுமையை இறக்கிவைக்கையில் அது வேறொரு வீட்டின் மீது ஏறக்கூடும்.

எனவே முதியோர் இல்லம் அமைக்க எண்ணுவோர் எத்தனை கட்டில்கள் என்று கணக்கிடுமுன், அங்கு இரவில் விழித்திருப்பவர் எத்தனை பேர், அவர்களுக்கு உரிய ஊதியமும் ஓய்வும் உண்டா என்று கணக்கிடுதல் நலம். ஜப்பானின் அனுபவத்திலிருந்து நாம் பெறத்தக்க பயன் இதுவே.